அம்மாவின் பாதச்சூடு பார்க்கும் பலகை: மூன்றாவது முயற்சி

பலகை இப்போது மூன்றாவது உருவத்தில் இருக்கிறது. நான்கு மாதமாக ஒருநாளும் மக்கர் பண்ணவில்லை, அதனால் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன். முதல் இரண்டு முயற்சிகளும் வீணாய்ப் போயின. அவற்றைப் பற்றித்தான் அதிகம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எனக்கு மலேசியாவில் சுங்கை சிப்புட். செம்பனை எண்ணெய் ஆலையில் பாய்லர் பக்கம் வேலை, மூன்று ஷிப்ட். சூட்டை அளப்பது என் பிழைப்பு. ஆனால் ஆலையில் ஒரு டிகிரி முன்னே பின்னே போனால் யாரும் திரும்பிக்கூடப் பார்க்க மாட்டார்கள். அந்தப் பழக்கம் இந்த வேலையில் என் காலை வாரியது.

அம்மாவுக்கு 71 வயது. 26 வருடம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை போட்டபோது தோட்டத்து வீட்டைக் காலி பண்ணிக்கொண்டு தாமானுக்கு (வீடமைப்புப் பகுதிக்கு) வந்துவிட்டோம். இனிப்புநீர் (நீரிழிவு) 19 வருடமாக, அதில் பாதத்தின் உணர்ச்சி மங்கிவிட்டது. இரண்டு வருடத்துக்கு முன் ஜப்பான் சிலிப்பருக்குள் ஒரு சின்னக் கல் புகுந்திருக்கிறது. தெரியாமலேயே சந்தைக்குப் போய் வந்திருக்கிறார். அது புண்ணாகி, சீழ் பிடித்து, வலது காலின் சுண்டுவிரலை எடுக்க வேண்டியதாயிற்று. கிளினிக்கில் மிஸ்ஸி (தாதி) ஒரு நைலான் நரம்பை வைத்துச் சோதிப்பார். 10 கிராம் அழுத்தத்துக்கு வளைகிற நரம்பு. கண்ணை மூடச் சொல்லி, "இப்ப தொட்டேனா?" என்று கேட்பார். பத்து இடத்தில் அம்மா சரியாகச் சொன்னது மூன்று.

தினமும் பாதத்தைப் பாருங்கள் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார். எப்படிப் பார்ப்பது? அம்மாவால் குனிய முடியாது. நான் பாதி நாள் இரவு ஷிப்டில். என் வீட்டுக்காரி காலை ஆறரைக்கே வேலைக்குக் கிளம்பிவிடுவாள். மகளுக்குப் பள்ளிக்கூடம்.

சூட்டை வைத்துப் பார்க்கலாம் என்பது என் கண்டுபிடிப்பு இல்லை. கொல்லிமலையில் பிறந்து வேலூரில் தொழுநோயாளிகளுக்குக் கையும் காலும் சரிசெய்த டாக்டர் பால் பிராண்ட், பின்னாளில் அமெரிக்காவின் கார்வில் மருத்துவமனையில் உணர்ச்சியற்ற பாதங்களில் எங்கே சூடு ஏறுகிறது என்று தேடியவர். புண் வெடிப்பதற்கு முன்பே அந்த இடம் உள்ளுக்குள் அழன்று சுட ஆரம்பித்துவிடும். நீரிழிவுப் பாதங்களை ஆராய்ந்த லாவெரி, ஆம்ஸ்ட்ராங் குழுவினர் 2004லும் 2007லும் வெளியிட்ட ஆய்வுகளில் இதற்கு ஓர் அளவுகோல் வைத்தார்கள். இரண்டு பாதங்களிலும் ஒரே இடத்தை ஒப்பிட வேண்டும். வித்தியாசம் 2.2 டிகிரி செல்சியஸுக்கு மேல் இரண்டு நாள் தொடர்ந்து இருந்தால் நடையைக் குறைத்துக்கொண்டு மருத்துவரைப் பார்க்க வேண்டும். பார்க்கும் இடங்கள் ஆறு: பெருவிரல், அதன் அடிமேடு, நடுவிரல் அடிமேடு, சுண்டுவிரல் அடிமேடு, பாதத்தின் நடுக்குழி, குதிகால். இவ்வளவு போதும், வேலைக்கு வருகிறேன்.

முதலில் ஆலையிலிருந்து சூடு பார்க்கும் துப்பாக்கியை இரவல் வாங்கி வந்தேன். கோவிட் காலத்தில் நெற்றிக்கு நேரே நீட்டினார்களே, அந்த சாதிதான், தொழிற்சாலை ரகம். ஒரே இடத்தை மூன்று தடவை பார்த்தால் 29.8, 31.1, 30.2. ஒட்டியிருந்த சீட்டைப் படித்தேன்: பிழை இரண்டு டிகிரி வரை. நான் தேடுகிற வித்தியாசமே 2.2. தூரம் மாறினால் அது பார்க்கிற வட்டமும் பெரிதாகும். 12 சென்டிமீட்டரில் ஒரு சென்டிமீட்டர் வட்டம், 30க்குப் போனால் இரண்டரை, விரலைத் தாண்டித் தரையையும் சேர்த்துப் படித்துவிடும். எல்லாம் சரியாக இருந்தாலும் அதைப் பிடிக்க நான் வீட்டில் இருக்க வேண்டுமே. ஒரு வாரத்தில் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

இரண்டாவது, பலகை. சூடு அளக்கும் டிஎஸ்18பி20 சென்சார் 15 வாங்கினேன், ஒன்று 5 வெள்ளி (ரிங்கிட்). ஒவ்வொன்றுக்குள்ளும் அதற்கே உரிய எண் இருப்பதால் பன்னிரண்டையும் ஒரே டேட்டா வயரில் தொங்கவிடலாம், ஒரு 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டர் போதும். வயரிங் சுத்தமாக வந்தது, பார்க்கவே ஆசையாக இருந்தது. பிளைவுட்டில் துளை போட்டு, சென்சார்களின் தலை மட்டும் இரண்டு மில்லிமீட்டர் வெளியே தெரிகிற மாதிரி சிலிக்கோனில் ஒட்டினேன். பாதம் நன்றாகப் பட வேண்டும் என்று அம்மாவை அதன்மேல் நிற்கச் சொன்னேன். கையில் கைப்பிடிக் கம்பி, காலடியில் பலகை, பக்கத்தில் மடிக்கணினியுடன் நான். எண்கள் அழகாக வந்துகொண்டிருந்தன.

இரண்டு நிமிடம் கழித்து உட்காரவைத்துப் பாதத்தைத் தூக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு பாதத்திலும் ஆறு குழி. பெருவிரல் அடிமேட்டில் இருந்தது நன்றாக உள்ளே போய், ஓரத்தில் சிவந்திருந்தது.

"வலிச்சுதாம்மா?"

"என்னது?"

அம்மாவுக்கு எதுவும் தெரியவில்லை. எனக்கு வயிற்றைப் புரட்டியது. சிலிப்பருக்குள் புகுந்த கல்லுக்கு ஒரு விரலைப் பறிகொடுத்தவரின் காலடியில், நானே வரிசையாகப் பன்னிரண்டு கல்லைப் பதித்து, ஏறி நில்லுங்கள் என்று சொல்லியிருக்கிறேன். நல்ல கால் உள்ளவன் ஒரு விநாடியில் 'ஆ' என்று இறங்கியிருப்பான். நான் ஒரு தடவை அதன்மேல் ஏறிப் பார்த்திருந்தாலே தெரிந்திருக்கும். பார்க்கவில்லை. குழிகள் மறைய அன்று மாலை வரை ஆனது. பிளைவுட்டை உடைத்துப் போட்டேன். சென்சார்கள் இன்னும் டப்பாவில் கிடக்கின்றன. அவை மேல் குறை இல்லை.

அன்றைக்கு ஒரு காகிதத்தில் மூன்று வரி எழுதி மேசைமேல் ஒட்டினேன். நிற்கக் கூடாது, உட்கார்ந்து பாதத்தைச் சும்மா வைக்க வேண்டும். பாதத்தில் படுகிற எதுவும் என் விரல் நகத்துக்குத் தட்டுப்படக் கூடாது. முதலில் நான், பிறகுதான் அம்மா.

மூன்றாவது பலகை இந்த மூன்று வரியிலிருந்து வந்தது. 10 மில்லிமீட்டர் ஈவிஏ நுரை, பிள்ளைகள் விளையாடத் தரையில் விரிக்கிற பாய். அம்மாவின் இரண்டு பாதங்களையும் மைலோ பெட்டி அட்டைமேல் வைத்து பென்சிலால் வரைந்து வெட்டிக்கொண்டேன். அந்த அட்டையை நுரைமேல் வைத்து ஆறு புள்ளிகளையும் குறித்தேன். சென்சார், பாசிமணி அளவுள்ள 10 கிலோ ஓம் தெர்மிஸ்டர், 20 அடங்கிய பொட்டலம் 14 வெள்ளி. ஒரு டிகிரி ஏறினால் அதன் தடை நான்கு விழுக்காடு போல இறங்கும், நமக்கு அது தாராளம். மேலிருந்து துளை போடாமல், நுரையின் அடியிலிருந்து குடைந்து, மணியை மேல்தளத்துக்கு ஒரு மில்லிமீட்டர் கீழே நிறுத்தினேன். மேலே 15 மில்லிமீட்டர் வட்டமாக வெட்டிய செம்பு நாடா. சூட்டை வாங்கிக் கீழே தருவது அதுதான். அதன்மேல் மெல்லிய வினைல், ஈரத்துணியால் துடைக்க வசதி. கண்ணை மூடிக்கொண்டு விரலால் தடவிப் பார்த்தேன், மகளையும் தடவச் சொன்னேன். எங்கே சென்சார் என்று இருவராலும் சொல்ல முடியவில்லை.

குதிகால் தினமும் ஒரே இடத்தில் வந்து நிற்க வேண்டும். பழைய ஜப்பான் சிலிப்பரின் பின்பக்கத்தைப் பிறை மாதிரி வெட்டி, ஓரத்தை மழித்து ஒட்டினேன். இந்த வேலையில் நான் வாங்காமல் செய்த பாகம் அது ஒன்றுதான், நன்றாக உழைக்கிறது.

மூளைக்கு இஎஸ்பி32 என்ற சின்னக் கணினிச் சில்லு. அதிலேயே அளக்கும் பின்கள் (சில்லின் கம்பி முனைகள்) இருக்கின்றனவே என்று நேரடியாகக் கொடுத்துப் பார்த்தேன். எண் துள்ளிக்கொண்டே இருந்தது. பிறகு சென்சார்களை ஒவ்வொன்றாக மாற்றி இணைக்கும் 16 வழி மல்டிபிளெக்ஸர் ஒன்றையும், இன்னும் துல்லியமாக அளக்கும் ஏடிஎஸ்1115 சில்லு ஒன்றையும் நடுவில் போட்டதும் அடங்கியது. முதல் இஎஸ்பி32ஐ வயரை மாற்றிக் கொடுத்துப் புகைத்தது தனிக்கதை, 24 வெள்ளி. தெர்மிஸ்டருக்கு எப்போதும் மின்சாரம் கொடுத்துவைத்தால் அதுவே கொஞ்சம் சூடேறிக்கொள்ளும். அதனால் அளக்கும் நொடியில் மட்டும் ஒரு பின்னிலிருந்து கொடுத்து, உடனே நிறுத்துகிறேன்.

எல்லாவற்றையும்விட மலிவான, ஆனால் தவறவிடக் கூடாத வேலை, பன்னிரண்டையும் ஒரே பேச்சு பேசவைப்பது. ஒட்டுவதற்கு முன்பே ரப்பர் பேண்டால் கட்டி, பிளாஸ்டிக் பையில் போட்டு, 32 டிகிரி தண்ணீர் உள்ள பிளாஸ்கில் 20 நிமிடம் முக்கிவைத்தேன். ஒரே தண்ணீர்தான். ஆனாலும் அதிகம் காட்டியதற்கும் குறைவாகக் காட்டியதற்கும் நடுவே 0.9 டிகிரி! ஒவ்வொன்றும் எவ்வளவு விலகுகிறது என்று எழுதி, நிரலில் கூட்டிக் கழித்த பிறகு எல்லாம் 0.1க்குள் வந்தன. உண்மையான சூடு எவ்வளவு என்பது இங்கே முக்கியமே இல்லை. இடதும் வலதும் ஒரே மாதிரி பொய் சொன்னால் போதும்.

மின்சாரத்துக்குச் சுவர் பிளக் வேண்டாம் என்று முதலிலேயே முடிவு. பழைய பவர்பேங்க். அது 30 விநாடியில் தானாக அணைந்துவிட்டது. இழுக்கிற மின்சாரம் போதவில்லை, ஒன்றும் மாட்டவில்லை என்று நினைத்துக்கொண்டது. 47 ஓம், 1 வாட் ரெசிஸ்டர் ஒன்றைக் குறுக்கே போட்டதும் நூறு மில்லியாம்பியருக்கு மேல் இழுத்து விழித்திருந்தது. அந்த ரெசிஸ்டர் சுடும், அதனால் பெட்டிக்குள், பாயிலிருந்து ஒரு முழம் தள்ளி.

முதல் வாரம் மூன்று தடவை எச்சரிக்கை வந்தது. மூன்றும் பொய். வலது கால் எல்லா இடத்திலும் சூடு, சமயத்தில் 3 டிகிரி. நிரலை மாற்றினேன், சென்சாரைச் சந்தேகித்தேன், பாயைத் திருப்பிப் போட்டேன். நான்காம் நாள் வேலைக்குப் போகாமல் சும்மா உட்கார்ந்து கவனித்தபோது புரிந்தது. அம்மா நாற்காலியில் வலது காலை மடித்துத் தொடைக்கடியில் போட்டுக்கொண்டுதான் உட்காருவார். அரைமணி அடைகாத்த கால் சுடாமல் என்ன செய்யும்? இப்போது அளப்பதற்குப் பத்து நிமிடம் முன்பு இரண்டு காலையும் மணைப்பலகைமேல் வைத்துக்கொள்கிறார். வெறும் டைல்ஸ் தரை ஒத்துவரவில்லை, இரண்டையும் குளிரவைத்து உள்ளே இருக்கிற சூட்டையே மறைக்கிறது.

அளக்க மூன்று நிமிடம் ஆகிறது. நுரை மெதுவாகச் சூடேறுகிறது. ஒரு நிமிடத்தில் படித்தால் தினமும் ஒரு கதை. மூன்று நிமிடத்துக்கு மேல் எண் அசையவில்லை. சீனியில்லாத கோப்பி ஒரு குவளை குடிக்கிற நேரம். பால் வெட்டப் போன பழக்கத்தில் அம்மா இன்றும் நாலரைக்கு எழுந்துவிடுவார், ஐந்து மணிக்குக் கோப்பி. பலகையை அந்த நாற்காலிக்கடியில் போட்டுவைத்தேன். வேறு இடத்தில் வைத்த மூன்று வாரத்தில் ஏழு நாள் விட்டுப்போயிருந்தது. இங்கே வந்த பிறகு, ஆஸ்பத்திரிக்கும் கல்யாணத்துக்கும் போன நாளும், கீழே சொல்லப்போகிற கோபித்துக்கொண்ட நாள்களும் தவிர விடவில்லை.

அடுத்து நான் செய்த பெரிய தப்பைச் சொல்கிறேன். எண்களை வைஃபை வழியாக என் கைப்பேசிக்கு வரவழைத்தேன். காலை ஐந்து பத்துக்கு பாய்லர் பக்கத்தில் நின்றுகொண்டு அம்மாவின் கால் நிலவரத்தைப் பார்ப்பேன். வரவில்லை என்றால் போன் அடிப்பேன். "ஏன் இன்னும் கால வைக்கல?" "நேத்து 1.9 காட்டுது, எங்க நடந்தீங்க?" இரண்டு வாரம் பொறுத்துக்கொண்டார்.

"ஏன்யா, தோட்டத்துலதான் தண்டலு பின்னாலயே வந்து வெட்ட பாத்துக்கிட்டு நிப்பாரு. இப்ப வீட்டுலயும் ஒரு தண்டலா?"

தண்டல் என்றால் தோட்டத்து மேற்பார்வையாளர். அதற்கு மறுநாளிலிருந்து கால் வைப்பதை நிறுத்திவிட்டார். கேட்டால், "மறந்துட்டேன்." மறக்கிற ஆள் இல்லை.

வைஃபையைக் கழற்றிவிட்டேன். இப்போது எண்கள் பெட்டிக்குள்ளேயே சேர்கின்றன, ஞாயிற்றுக்கிழமை அம்மா கொடுத்தால் எடுத்துப் பார்ப்பேன். கைப்பேசிக்குப் பதில் பெட்டியே அம்மாவிடம் பேச வேண்டும் என்று பதிந்த ஒலியைப் பாடவைக்கும் டிஎஃப்பிளேயர் மினி ஒன்றும் சின்ன ஸ்பீக்கரும் போட்டேன். முதலில் கூவுகிற பஸர் வைத்திருந்தேன், அது ஐந்து மணிக்குப் பக்கத்து வீட்டு நாயையும் எழுப்பியது. டிஎஃப்பிளேயருக்குக் கட்டளை போகிற ஆர்எக்ஸ் வயரில் ஒரு 1 கிலோ ஓம் ரெசிஸ்டர் போட மறக்காதீர்கள், இல்லாவிட்டால் கொர்ரென்ற இரைச்சல் ஓயாது. குரல் என் மகளுடையது. எட்டு வாக்கியம். "நல்லா இருக்கு பாட்டி" ஒன்று. "பெருவிரலுக்குக் கீழ சூடா இருக்கு பாட்டி, கண்ணாடியில பாருங்க" என்பது மாதிரி ஆறு. கடைசி, "பாட்டி, கால நேரா வைங்க." கடைசியைக் கேட்டால் மட்டும் அம்மா சிரிக்கிறார்.

கண்ணாடி என்றேன். முகம் பார்க்கிற கண்ணாடியைத் தரையில் சாய்த்து வைத்திருந்தேன், உடைந்தால் அதுவே புண்ணாகும் என்று வீட்டுக்காரி சத்தம் போட்டாள், நியாயம். அக்ரிலிக் கண்ணாடிக்கு மாறினேன், 30க்கு 20 சென்டிமீட்டர், சாய்வாக நிற்க மரக்கட்டை. வெளிச்சம் போதவில்லை. அம்மா எழுந்துபோய், அலமாரியிலிருந்து பால் வெட்டப் போகையில் தலையில் கட்டுகிற லைட்டை எடுத்துவந்து கட்டிக்கொண்டார். அப்புறம் நான் எதுவும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. பட்டையில் காயம் பட்டிருக்கிறதா, எவ்வளவு ஆழம் என்று இருட்டில் வெளிச்சத்தைச் சாய்த்து 26 வருடம் பார்த்த கண். பாதத்தையும் அப்படியே, மேலிருந்து கீழே, இடமிருந்து வலம், ஒரு நெரை (வரிசை) விடாமல்.

மூன்றாம் மாதம் உண்மையான எச்சரிக்கை வந்தது. வலது பெருவிரல் அடிமேடு, முதல் நாள் 2.6, மறுநாள் 2.9. கண்ணாடியில் புண் இல்லை; காய்ப்பு மட்டும் தடித்து, நடுவில் கடுகளவு கறுப்பு. கிளினிக்குக்குக் கூட்டிப்போனேன். மிஸ்ஸி காய்ப்பைச் சீவ, அடியில் ரத்தம் கட்டியிருந்தது. வெடிக்கவில்லை. மூன்று வாரம் நடை குறைப்பு, மெத்தென்ற அடியுள்ள ஷூ. வித்தியாசம் 0.8க்கு இறங்கியது. பலகை இல்லாவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நான் சொல்ல முடியாது. அந்தக் கறுப்பை அம்மா தானாகவே கண்டுபிடித்திருக்கவும் கூடும்.

ஏனென்றால் அடுத்த மாதம் அந்தப் புது ஷூவே குதிகாலின் பின்புறம் கொப்புளம் போட்டது. பலகை, "நல்லா இருக்கு பாட்டி" என்றது. அங்கே சென்சாரே கிடையாது. அம்மா தலை லைட்டை வைத்துக் கண்டுபிடித்து, என்னை எழுப்பிக் காட்டினார். "ஒம் பொட்டிய நம்பியிருந்தா?" என்று மட்டும் கேட்டார். அதற்குப் பிறகு மகளை வைத்து ஒரு வாக்கியத்தை மாற்றிப் பதிந்தேன்: "சூடு இல்ல பாட்டி, ஆனா கண்ணாடியில பாருங்க."

செலவு. இப்போது ஓடுகிற பலகைக்கு: இஎஸ்பி32 24, தெர்மிஸ்டர் 14, மல்டிபிளெக்ஸர் 6, ஏடிஎஸ்1115 13, டிஎஃப்பிளேயர் 9, ஸ்பீக்கர் 5, மெமரி கார்டு 15, நுரைப் பாய் 12, செம்பு நாடா 11, அக்ரிலிக் கண்ணாடி 18, வயர், ரெசிஸ்டர், வினைல், பெட்டி எல்லாம் சேர்த்து 20. மொத்தம் 147 வெள்ளி. வீணாய்ப் போனது: பழைய சென்சார்கள் 75, புகைந்த இஎஸ்பி32 24, கண்ணாடி 10, ஆக 109. பவர்பேங்க்கும் பிளைவுட்டும் வீட்டில் கிடந்தவை.

மறுபடி செய்தால் கண்ணாடியையும் லைட்டையும் முதல் நாளே கொடுத்துவிட்டு, பலகையைப் பிறகு தொடங்குவேன். குதிகாலின் பின்வளைவில் பக்கத்துக்கு ஒரு தெர்மிஸ்டர் கூட்டுவேன். மல்டிபிளெக்ஸரில் நான்கு வழி இன்னும் சும்மா இருக்கிறது. செம்பு நாடாவின் ஓரம் ஆறு மாதத்தில் சுருள ஆரம்பிக்கும் போலத் தெரிகிறது, தகடாக வெட்டிப் பதிக்க வேண்டும். வினைலைத் தைக்காமல் வெல்க்ரோ போட்டிருந்தால் கழற்றித் துவைத்திருக்கலாம்.

போன ஞாயிறு, பழைய தோட்டத்தில் லோரி ஓட்டிய மாமா ஒருவர் வந்திருந்தார். அவருக்கும் இனிப்புநீர்தான். அம்மா பலகையில் கால் வைத்துக் காட்ட, மகள் குரல் பேச, ரசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். "எனக்கும் ஒண்ணு செஞ்சு குடு தம்பி, காசு எவ்வளவுன்னு சொல்லு" என்றார். நான் அவர் காலைப் பார்த்தேன். இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. இந்தப் பலகைக்கு இரண்டு பாதம் வேண்டும். ஒன்றை இன்னொன்றோடு ஒப்பிட்டுத்தான் அது பேசும். அதை அவரிடம் எப்படிச் சொல்வது என்று நான் முழித்துக்கொண்டிருக்கையில், அம்மா தன் தலை லைட்டைக் கழற்றி அவர் கையில் கொடுத்துவிட்டு, "கண்ணாடி ஒண்ணு இவன் வெட்டித் தருவான், மொத அத வச்சிப் பாருங்க" என்றார். 30க்கு 20, 18 வெள்ளி. நாளைக்கு வெட்டக் கொடுக்கிறேன்.